எம்.ஜி.பி. சூடாகிறதா? முள் எப்போது ஏறுகிறது என்று முதலில் பாருங்கள்

எம்.ஜி.பி. கார் வைத்திருக்கிற இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது வாக்கியத்திலேயே ரேடியேட்டர் வந்துவிடும். "உங்களுது சூடாகுதா?" என்று ஒருவர் கேட்பார். "வெயில் நாளில் மட்டும்" என்று மற்றவர் சமாளிப்பார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் 5 லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் இது. 1798 சிசி, நாலு சிலிண்டர், இன்ஜினின் பிளாக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. எல்லாம் ஒழுங்காக இருக்கிற காரில் கம்பெனி கொடுத்த ரேடியேட்டரே போதும். பெரிய ரேடியேட்டர் வாங்கிப் போட்டும் வெப்ப மீட்டரின் முள் இறங்காமல் தலையில் கை வைத்தவர்களில் நானும் ஒருவன். என்னுடையது 1966 ரோட்ஸ்டர். கடைசியில் அதைச் சரிசெய்தது இடம் மாற்றிய இரண்டு வயரும் ஒரு சுருள் ஃபோம் பட்டையும் இரண்டு ரப்பர் வளையமும்.

காற்று ஒரு சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான ஃபின்களுக்குள், அதாவது மெல்லிய தகடுகளுக்குள், நுழைந்து போவதற்குப் பதிலாக, பக்கத்தில் ஒரு விரல் அளவு சந்து கிடைத்தால் அந்த வழியாகவே நழுவிவிடும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் மீட்டரைக் கவனியுங்கள். நின்றால் ஏறுகிறதா, ஓடினால் ஏறுகிறதா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

முள் சொல்வது உண்மைதானா?

ஐம்பது அறுபது வயது மீட்டரை நம்பி இன்ஜினைப் பிரிக்காதீர்கள். மின்சார மீட்டர் உள்ள பிந்தைய கார்களில், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் இருக்கும். மீட்டருக்கு சராசரியாக 10 வோல்ட் மட்டும் போகும்படி பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதன் எர்த் விட்டுப்போனால் முழு வோல்டேஜும் போய் முள் ஏறிக் காட்டும். கண்டுபிடிப்பது சுலபம், பெட்ரோல் மீட்டருக்கும் அதே ஸ்டெபிலைசர்தான். இன்ஜின் கொதிக்கிற அன்றைக்கே டேங்கும் வழக்கத்தைவிட நிறைந்திருப்பதாகக் காட்டினால் தவறு தண்ணீரில் இல்லை, வயரில்.

முந்தைய கார்களில் இருப்பது மெல்லிய குழாய் வழியாக வேலை செய்யும் கேபிலரி மீட்டர். அதன் நுனியைச் சோதனைக்காக ஹெட்டில் இருந்து பிடுங்க நினைக்காதீர்கள். பல வருடம் இறுகிப்போயிருக்கும், திருகினால் குழாய் முறுக்கி உடையும். தொடாமலே சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியைக் குறி வைத்துப் பாருங்கள். பளபளப்பான உலோகத்தில் அந்தத் துப்பாக்கி குறைத்துக் காட்டும், அதனால் அந்த இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிட்டுப் படியுங்கள்.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது என்று இதற்குப் பொருள். கார் ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் இழுக்க வேண்டும். அந்த ஃபேன் இழுக்கவில்லை.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலிங்கில் விட்டு, ஒரு ஏ4 தாளை கிரில்லின் முன்னால் பிடியுங்கள். தாள் உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். தொங்கினால் இழுப்பு போதவில்லை. உங்கள் பக்கம் பறந்து வந்தால் கதை வேறு, அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

இன்ஜின் சுழற்றும் ஃபேன் உள்ள காரில் முதலில் பெல்ட். நீளமான பக்கத்தின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும், ஃபேனோடு வாட்டர் பம்பும் சேர்ந்து மந்தமாகும். அடுத்தது ஃபேன் சரியான முகமாக மாட்டப்பட்டிருக்கிறதா என்பது. யாரோ எப்போதோ வாட்டர் பம்ப் மாற்றியபோது ஃபேனைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். திருப்பிப் போட்டாலும் காற்று அதே திசையில்தான் போகும், இலைகளின் சாய்வு மாறாது. ஆனால் வளைவு தலைகீழாகிவிடும், உள்ளங்கைக்குப் பதில் புறங்கையால் தண்ணீர் அள்ளுகிற மாதிரி. சத்தம் வரும், காற்று வராது.

இப்போது மின்சார ஃபேன். 1977 மாடல் முதல் கம்பெனியே போட்டுக் கொடுத்தது, அதற்கு முந்தைய கார்களில் நாமே வாங்கி மாட்டுகிறோம். நான் மாட்டிய கதையைச் சொன்னால் உங்களுக்கு ஒரு மாதம் மிச்சமாகும்.

1967 கடைசியில் இரண்டாவது பதிப்பான மார்க் 2 வரும்வரை எம்.ஜி.பி.யில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பாடியில் இணைந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. இது எனக்குத் தெரியும், நன்றாகவே தெரியும். ஆனாலும் புது ஃபேனைப் பிரித்தபோது சிவப்பு வயரைப் பார்த்ததும் கை பழக்கத்தில் சுவிட்சுக்குக் கொண்டுபோனது, கறுப்பை பாடியில் திருகியது. சுவிட்சைப் போட்டேன், ஃபேன் சுற்றியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று மாலை சிக்னலில் நின்றால் முள் நடுவில் நின்றது, காலியான சாலையில் மணிக்கு 40 மைல் வேகம் பிடித்ததும் ஏற ஆரம்பித்தது. ஓடினால் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு என்று படித்திருந்தேன். அலுமினிய ரேடியேட்டர் வாங்கியது அப்போதுதான். அதுவும் ஏறியது.

மூன்று வாரம் கழித்து, கராஜில் வேறு எதற்கோ குனிந்தபோது கிரில்லில் இருந்து முகத்தில் சூடாகக் காற்று அடித்தது. தாளை எடுத்துப் பிடித்தேன், என் பக்கமாகப் பறந்தது. ஃபேன் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்கும்போது சூட்டை முன்பக்கமாகத் தள்ளியதால் ஓரளவு தாக்குப்பிடித்தது. ஓடும்போது எதிரே வரும் காற்றும் ஃபேன் தள்ளும் காற்றும் முட்டிக்கொண்டு ரேடியேட்டருக்குள் எதுவும் நகரவில்லை. இரண்டு வயரை இடம் மாற்ற ஐந்து நிமிடம்.

திசை சரி, ஆனாலும் இழுப்பு குறைவா? ஓடுகிற ஃபேனின் இரண்டு முனைகளில் நேராக மல்டிமீட்டரை வையுங்கள், பேட்டரியில் அல்ல. பேட்டரியில் 13 வோல்ட் இருந்து ஃபேனில் 11 இருந்தால் நடுவில் வயர் மெலிதாக இருக்கிறது. ரிலே போட்டு, தடித்த வயரில், ஃபியூஸோடு நேராக இழுங்கள். அந்தப் பழைய பாசிட்டிவ் எர்த் கார்களில் இருப்பது ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. லூகாஸ் சி40 டைனமோ முழு மூச்சில் தருவதே 22 ஆம்ப். ஐடிலிங்கில் கிட்டத்தட்ட ஒன்றுமே தராது. ஃபேனுக்கு 8 முதல் 10 ஆம்ப் வேண்டும், ஹெட்லைட்டுகள் சேர்ந்து ஏறக்குறைய அதே அளவு இழுக்கும். இரவு நேர நெரிசலில் எல்லாம் பேட்டரியின் தலையில்தான் விழும். டைனமோ காரில் மின்சார ஃபேனை உதவிக்கு வைத்துக்கொள்ளுங்கள், இன்ஜின் ஃபேனைக் கழற்றிவிடாதீர்கள் என்பது என் கருத்து.

ரேடியேட்டருக்கு முன்னால் தள்ளும் ஃபேனா, பின்னால் இழுக்கும் ஃபேனா என்றால், இடம் இருந்தால் பின்னால்தான். முன்னால் வைக்கிற ஃபேனின் மோட்டாரும் சட்டமும் ஓடும்போது வரும் காற்றை மறைக்கும். பின்னால் வைத்தால் கூடவே ஷ்ரவுட் போடுங்கள், ரேடியேட்டர் முழுவதிலிருந்தும் காற்றை ஃபேனுக்குக் கொண்டுவரும் உறை அது. ஷ்ரவுட் இல்லாத வட்ட ஃபேன் தனக்கு நேராக உள்ள வட்டத்தை மட்டுமே குளிர்விக்கும், நாலு மூலையும் சும்மா கிடக்கும்.

ஊருக்குள் சரி, மோட்டார்வேயில் ஏறுகிறது

ஃபேன் சரியான திசையில் சுற்றுகிறது என்று தாளை வைத்துப் பார்த்துவிட்டால், ஃபேனை மறந்துவிடுங்கள். அந்த வேகத்தில் ஃபேன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். காற்று வருகிறது, ஆனால் ரேடியேட்டருக்குள் போகவில்லை. அல்லது தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை.

குரோம் பம்பர் எம்.ஜி.பி.யில் ரேடியேட்டர் கிரில்லை ஒட்டி இல்லை, நன்றாகப் பின்னால் தள்ளி ஒரு தகட்டுத் தடுப்பில் மாட்டியிருக்கும். நடுவில் உள்ள பெட்டி போன்ற இடத்தில், இன்ஜின் ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர். கிரில் வழியாக வரும் காற்று அந்தப் பெட்டியில் நிரம்பி, வேறு வழி இல்லாமல் ரேடியேட்டருக்குள் புக வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு. பானட்டுக்கும் தடுப்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் ஒரு ஃபோம் பட்டை உண்டு. ஆயில் கூலர் ஹோஸ்கள் தடுப்பைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையங்கள் உண்டு. ஐம்பது வருடத்தில் ஃபோம் தூளாகி உதிர்ந்திருக்கும், யாரோ பெயின்ட் அடித்தபோது வளையங்களைக் கழற்றித் தொலைத்திருப்பார்கள்.

ஓட்டைகளைக் கண்டுபிடிக்க இரவில் ஒரு வேலை செய்யுங்கள். பிரகாசமான விளக்கு ஒன்றை இன்ஜின் பக்கம், ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்து பானட்டை மூடுங்கள். விளக்கை அணைத்த கராஜில் கிரில்லுக்கு முன் முட்டி போட்டு உள்ளே பாருங்கள். ரேடியேட்டர் ஃபின்களுக்கு நடுவில் மங்கலாக ஒளி தெரிவது நல்லது. அதைச் சுற்றி எங்கெல்லாம் வெளிச்சம் கீற்றாக வருகிறதோ அங்கெல்லாம் உங்கள் காற்று ஓடிப்போகிறது. என் காரில் மேலே ஒரு முழு நீள வெள்ளிக்கோடு தெரிந்தது, இடப்பக்கம் இரண்டு நிலாக்கள். ஃபோம் ஒட்டி, வளையங்கள் போட்டதும் அதே மோட்டார்வேயில் முள் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது.

அதே விளக்குச் சோதனையில் ரேடியேட்டரின் நடுவில் இருட்டாகத் திட்டு தெரிந்தால், ஆயில் கூலரைக் கழற்றிப் பாருங்கள். பெட்டியின் அடியிலும் ரேடியேட்டரின் கீழ்ப்பாதியிலும் சருகு, புல் விதை, அந்துப்பூச்சி இறக்கை எல்லாம் சேர்ந்து கம்பளம் போல் படிந்திருக்கும். முன்னால் இருந்து பார்த்தால் ஆயில் கூலர் மறைத்துக்கொள்ளும். இன்ஜின் பக்கத்தில் இருந்து முன்பக்கமாகத் தோட்டத்துக் குழாயால் கழுவுங்கள், வந்த வழியே வெளியேறட்டும். பிரஷர் வாஷர் வேண்டாம், ஃபின்கள் ஈரத் தாள் மாதிரி மடங்கிவிடும். அழகுக்காக ரேடியேட்டரின் ஃபின்களில் கனமாகக் கறுப்பு பெயின்ட் அடிப்பதும் வேண்டாம்.

கிரில்லுக்கு முன்னால் இருக்கும் ஸ்பாட் லைட், பேட்ஜ் கம்பி எல்லாம் காற்றை மறைப்பவைதான். சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

உள்ளே போன காற்று வெளியேயும் வர வேண்டும். இங்கே ஒரு பிரபலமான கைவைத்தியம் உண்டு. பானட்டின் பின்பக்கக் கீலுக்கு அடியில் வாஷர் வைத்து அரை அங்குலம் தூக்கிவிட்டால் சூடு வெளியேறும் என்பார்கள். நிற்கும்போது உண்மை. ஓடும்போது முன்கண்ணாடியின் அடிப்பக்கம் காற்று முட்டி அழுத்தம் கூடும் இடம். வெளியே வர வேண்டிய காற்றுக்கு எதிராக அங்கிருந்து காற்று உள்ளே நுழையும். மோட்டார்வேயில் சூடாகிற காருக்கு இது எதிர்வைத்தியம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் லூவர்களை, அதாவது காற்று வெளியேறும் கீற்றுத் துளைகளை, பானட்டின் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் வெட்டுங்கள். ஆனால் நல்ல நிலையில் உள்ள பானட்டில் கத்தி வைக்க எனக்கு மனம் வராது.

காற்று சரி என்றால் தண்ணீர். இன்ஜினைச் சூடாக்கி வேகத்தை ஏற்றிப் பிடித்துக்கொண்டு, அடி ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. ரப்பர் தளர்ந்திருந்தால் வேகத்தில் சப்பையாக ஒட்டிக்கொள்ளும், ஐடிலிங்குக்கு வந்ததும் மறுபடி உருண்டுவிடும். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டால் இதை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் அதே இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் ரேடியேட்டரின் முகம் முழுக்க வரிசையாகப் படியுங்கள். மேலிருந்து கீழே சூடு படிப்படியாகக் குறைய வேண்டும். நடுவில் திடீரென்று ஒரு குளிர்ந்த பட்டை இருந்தால் அந்த டியூப்களில் தண்ணீர் ஓடவில்லை. அப்போதுதான், அப்போது மட்டும்தான், ரேடியேட்டர் கடைக்குப் போங்கள்.

ஏற்றத்திலும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் ஏறுகிறது

இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம், பின்தங்கியிருந்தால் பெட்ரோல் தாமதமாக எரிந்து சூடு ஹெட்டிலும் எக்ஸாஸ்டிலும் தங்கும். டைமிங் லைட் வைத்துப் பாருங்கள், பொறி நேரத்தை முன்னே நகர்த்தும் வாக்குவம் அட்வான்ஸின் குழாயை வாயால் உறிஞ்சி உள்ளே தகடு நகர்கிறதா என்றும் பாருங்கள். டயஃப்ரம் கிழிந்திருப்பது சாதாரணம். பிளக்கின் நுனி சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தால் கார்புரேட்டர்களில் பெட்ரோல் குறைவாக வருகிறது.

ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறுகிறது

தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி நூலில் கட்டி, தெர்மாமீட்டரோடு பாத்திரத்து நீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். வழக்கமானது 82 டிகிரி செல்சியஸில் திறக்கத் தொடங்கும். வெப்ப நாடுகளுக்கு 74, குளிர் நாடுகளுக்கு 88 என்று கம்பெனியே மூன்று வகை சொல்லியிருந்தது. 74 போட்டால் கொதிக்காது என்று நினைப்பது தப்பு. அது எப்போது திறக்கிறது என்பதை மட்டும்தான் மாற்றும், திறந்த பிறகு சூட்டை வெளியேற்றுவது ரேடியேட்டர்தான். மாட்டுவதற்கு முன் அதன் தகட்டில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிட்டால் தண்ணீர் நிரப்பும்போது காற்று அந்த வழியே வெளியேறும். தெர்மோஸ்டாட்டையே தூக்கி எறியச் சொல்கிறவர்களைக் கேட்காதீர்கள். இன்ஜின் சூடாக நேரமாகும், தேய்மானம் கூடும், உண்மையான கோளாறு மறைந்துகொள்ளும்.

எப்போதுமே சூடாக இருக்கிறது

பிளாக்கின் வலப்பக்கம் பின்னால் ஒரு வடிகால் குழாய் இருக்கிறது, அதைத் திறங்கள். என் காரில் திறந்தேன், ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன், பற்பசை மாதிரி பழுப்புச் சேறு நூலாக இறங்கியது. பிறகும் குத்த, புஸ் என்று தண்ணீர் வந்து சட்டைக் கைக்குள் போனது. வார்ப்பிரும்பின் துரு அடியில், பின்பக்கம், நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் படியும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு இரண்டு திசையிலும் தெளிந்த நீர் வரும்வரை கழுவுங்கள். பிறகு துருத்தடுப்பு உள்ள கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள், வெறும் குழாய்த் தண்ணீரில் ஓட்டியதால்தான் இந்தச் சேறு. கழுவிய கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும் என்று நாயும் பூனையும் நக்கும், அது விஷம்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது

விரிவுத் தொட்டி இல்லாத கார்களில் ரேடியேட்டர் கழுத்துவரை நிரப்பினால் சூடானதும் மிச்சத்தைத் துப்பிவிடும். மறுநாள் பார்த்தால் ஓர் அங்குலம் குறைந்திருக்கும், பதறிப்போய் மறுபடி நிரப்புவோம், மறுபடி துப்பும். அந்த ஓர் அங்குலம்தான் சரியான மட்டம், விட்டுவிடுங்கள். அதற்குக் கீழேயும் இறங்கினால் மூடியைச் சந்தேகப்படுங்கள். 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தை மூடி பிடித்தால் கடல்மட்டத்தில் வெறும் தண்ணீர்கூட 115 டிகிரிவரை கொதிக்காது, ஸ்பிரிங் போன மூடியில் 100-லேயே கொதிக்கும். மூடியும் நல்லது, கசிவும் கண்ணில் படவில்லை, ஸ்டார்ட் செய்ததும் குளிர்ந்த ரேடியேட்டரில் குமிழி வருகிறது என்றால், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் போய்விட்டது. எரிந்த வாயு பட்டால் நீல திரவம் மஞ்சளாக மாறும் சோதனைக் குழாயை மெக்கானிக்கிடம் வாங்கி உறுதி செய்துகொண்டு இன்ஜினைப் பிரியுங்கள்.

அணைத்த பிறகு ஏறுகிறது

இது நோய் இல்லை. பம்பும் ஃபேனும் நின்றதும் இரும்பின் சூடு தண்ணீரில் இறங்குகிறது, ஓரிரண்டு நிமிடம் முள் ஏறும், தானே இறங்கும். மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகியிருக்கிறது. எக்ஸாஸ்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள வெப்பத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள்.

நடுரோட்டில் ஏறிவிட்டால்

2022 ஜூலையில் இங்கிலாந்து முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டிய வாரம், சாலைப் பணியில் ஒன்றரை மைல் வரிசையில் மாட்டிக்கொண்டேன். ஃபோம், ஃபேன், மூடி எல்லாம் சரியாக இருந்தும் முள் நகர்ந்தது. அந்த நேரத்தில் கைவசம் இருப்பது ஹீட்டர். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். வால்வை முழுக்கத் திறந்து, அதன் ஃபேனையும் போட்டுவிடுங்கள். கூரையை மடித்துவிட்டு, கால் வெந்தபடி, பக்கத்துக் கார்க்காரரின் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன், முள் இறங்கியது. கோடையிலும் மாதம் ஒருமுறை ஹீட்டர் வால்வைத் திறந்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் அன்றைக்கு அசையாது. முள் சிவப்பைத் தொட்டு ஆவியும் வந்துவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். மேல் ஹோஸை வெறும் கையால் பிடித்துக்கொண்டிருக்க முடிகிறவரை ரேடியேட்டர் மூடியின் பக்கம் போகவே வேண்டாம்.